தராசுக்கு முன்னால ஒரு வாய்

இலைக்குக் குறுக்க கையை வெச்சு மறைக்காதீங்க சார். இந்த மெஸ்ல அது நடக்காது. கொஞ்சமாத்தான் வெக்கறேன், கையை எடுங்க. பாத்தீங்களா, இவ்வளவுதான். இதுக்குப் போயி பயந்துட்டீங்க. குழம்பு நடுவுல ஊத்தட்டுமா, ஓரமா ஊத்தட்டுமா?

நீங்க ஒல்லியா இருக்கீங்க, அதனால அள்ளி வெக்கறேன்னு நெனைக்காதீங்க. ஒல்லிங்கறதப் பத்தி எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு இந்த சைதாப்பேட்டையில ஒருத்தனுக்கும் தெரியாது. என்னைப் பாத்தா என்ன தோணுது உங்களுக்கு? சும்மா சொல்லுங்க, கோச்சுக்க மாட்டேன். தொந்தி, தோள்ல துண்டு, கையில கரண்டி. மெஸ்காரன், அவ்வளவுதானே? பரம்பரையா மெஸ் நடத்தறவன்னுகூட சில பேரு நெனச்சுக்கறாங்க. நான் ஜாக்கி சார். கிண்டியில ரேஸ் குதிரை ஓட்டினவன். சிரிக்காதீங்க, புரை ஏறிடும். தண்ணி குடிங்க.

என் பேரு தணிகாசலம். எங்கப்பா லாயத்துல குதிரைக்காரரு. நான் பொறந்ததே குதிரை வாசத்துலதான். உயரம் அஞ்சடி, அதுக்கு மேல வளரல. எங்கம்மா கவலைப்பட்டுச்சு, எங்கப்பா கற்பூரம் ஏத்தினாரு. வளந்தா ஜாக்கியாவ முடியாதே. அப்புறம் மேத்தா சார்னு ஒரு டிரெய்னர், பார்சிக்காரரு, அவருகிட்ட சேந்தேன். எத்தனை பந்தயம் ஜெயிச்சேன்னு கேக்கறீங்களா? அதக் கேக்காதீங்க. எண்ணிக்கைய வெச்சு ஜாக்கிய எடை போடக்கூடாது. மூணு. ஆனா அந்த மூணும் என்ன மூணு! ஒண்ணுல முன்னால போன குதிரைக்கு சேணம் நழுவிடுச்சு, இன்னொண்ணுல மழை. எல்லாம் நம்ம யோசனைதான். எவன் சேணம் எப்ப நழுவும்னு தெரிஞ்சு பின்னாலயே போறது எல்லாராலயும் முடியாது.

அதோ கல்லாவுல உக்காந்திருக்காரே, வெள்ளைத் தலை, அவருதான் என் மாமனாரு. சங்கரலிங்கம். வெளிய போர்டுல இருக்கற சங்கரலிங்கம் அவருதான். என்னோட ஜாக்கி வாழ்க்கைய ஒரே வாய்ல முடிச்ச மனுசன். சத்தமா பேசலாம் சார், அவருக்குக் காது கேக்காது. எதிரிய எதிர்லயே உக்கார வெச்சுக்கிட்டு இருபத்தி ரெண்டு வருசமா நான் குப்பை கொட்டறேன். யாருக்கு வரும் இந்தப் பொறுமை?

கதைய மொதல்லேர்ந்து சொல்றேன். நீங்க சாப்பிடுங்க. பொரியலத் தொடவே இல்லயே.

ஜாக்கிக்கு எதிரி யாரு? பக்கத்துல ஓட்டறவன் இல்ல. சோறு. குதிரை இவ்வளவு எடைதான் சுமக்கணும்னு ஒவ்வொரு பந்தயத்துக்கும் போட்டுடுவாங்க. எனக்கு வர்றதெல்லாம் அம்பது கிலோ. ஒரு தோசை கூடுதலாத் தின்னா அன்னிக்கு சவாரி வேற ஆளுக்கு. காலைல சர்க்கரை போடாத கறுப்பு டீ. மத்தியானம் பாதி முட்டை. பாதி சார். மீதிய இன்னொரு ஜாக்கிக்குக் குடுத்துடுவேன், அவனும் தவம். அப்புறம் ஸ்வெட்டர் மேல ஸ்வெட்டர் போட்டு, அதுக்கு மேல பாலிதீன் சீட்டச் சுத்திக்கிட்டு, சித்திரை வெயில்ல வேளச்சேரி வரைக்கும் ஓடுவேன். தெரு நாயெல்லாம் குலைக்கறத நிறுத்திட்டு வேடிக்கை பாக்கும். ஒரு நாள் குதிரைக்கு வெச்ச வெல்லத்துல கொஞ்சம் எடுத்து வாயில போட்டுட்டேன். சண்டே தண்டர்னு ஒரு பெண் குதிரை. அது பாத்துடுச்சு. அதுக்கப்புறம் நான் லாயத்துக்குள்ள போனா தொட்டிய மறைச்சுக்கிட்டு நிக்கும். நன்றி கெட்ட குதிரை. அதப் பத்தி அப்புறம் சொல்றேன்.

அந்தக் காலத்துல நான் தெனமும் இந்த மெஸ் வாசல்ல வந்து நிப்பேன். உள்ள வர மாட்டேன். எதிர்க்க இருக்கற டீக்கடையில கறுப்பு டீய வாங்கிக்கிட்டு, இங்கேர்ந்து வர்ற வாசத்தைப் புடிப்பேன். மட்டன் சுக்கா எப்ப எறங்குது, கோலா உருண்டை எப்ப எண்ணெயில விழுதுன்னு கண்ண மூடிக்கிட்டே சொல்லுவேன். இதத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டது ஒரு பொண்ணு. கல்லாவுல உக்காந்திருந்த இவரு பொண்ணு வடிவு. பாவம், கையில காசில்லாத பையன், பசியோட பாத்துக்கிட்டு நிக்கறான்னு நெனச்சு, சர்வர் கையில ஒரு பொட்டலம் குடுத்தனுப்பிச்சா. நான் என்ன செய்யறது? வாங்கி, லாயத்துல குதிரைக்காரங்களுக்குக் குடுத்துட்டேன். மறுநாளும் பொட்டலம். மறுநாளும் குடுத்துட்டேன். அவளுக்கு விசயம் தெரிஞ்சு போச்சு. தான் பசியில நின்னுக்கிட்டு அடுத்தவங்களுக்குக் குடுக்கறான், இவன்தான்டா மனுசன்னு முடிவு பண்ணிட்டா. கல்யாணத்துல போய் முடிஞ்சுது. நான் எதையும் மறைக்கல சார், அவதான் விளக்கம் கேக்கல.

மாமனாருக்குச் சம்மதமே இல்ல. விருதுநகர்லேர்ந்து ஒரு அண்டாவத் தூக்கிக்கிட்டு வந்து கடை போட்ட ஆளு. அவரு கணக்கு ரொம்ப சுலபம். ஒருத்தன் இலையில உக்காந்து எப்படிச் சாப்பிடறான்னு பாத்தா போதும், அவன் யோக்கியனா இல்லயான்னு சொல்லிடுவாராம். அள்ளித் தின்னா நல்லவன். கொறிச்சா கள்ளன். வடிவு ரெண்டு நாள் பட்டினி கெடந்து சம்மதம் வாங்குனா. பட்டினின்னா அந்த மனுசன் உடைஞ்சு போயிடுவாரு. அத மட்டும் நெனப்புல வெச்சுக்கோங்க.

கல்யாணம் முடிஞ்சு மறுவீடு. அதுக்குச் சமைச்சது வேற யாரும் இல்ல, இவரே. மூணு அடுப்பு, ரெண்டு கெடா. விருதுநகர்லேர்ந்து சொந்தமெல்லாம் பஸ் வெச்சு வந்திருக்கு. மாப்பிள்ளைக்கு நடு இலை. அதுல கறிக்குழம்பு, சுக்கா, குடல், நல்லி எலும்பு, முட்டை, கோலா உருண்டை மட்டும் மலை மாதிரி. எனக்கு அடுத்து வர்ற ரேஸ் எது தெரியுமா? ஊட்டிக் கோப்பை. கோடை சீசன்ல அதுதான் பெரிய பந்தயம். அஞ்சு வருசம் நான் காத்துக்கிட்டிருந்த பெறகு மேத்தா சார் என்னைய சண்டே தண்டர் மேல ஏத்தறேன்னு சொல்லியிருக்காரு. அது ஜெயிக்கற குதிரை. கண்ண மூடிக்கிட்டு மேல உக்காந்திருந்தா போதும்னு லாயத்துல பேசிக்குவாங்க. பொறாமை புடிச்சவங்க.

நான் என்ன செஞ்சேன்? ஒரு கரண்டி ரசத்தை வாங்கிக் குடிச்சேன். இலைய மூடிட்டேன்.

பந்தியில அத்தனை பேர் கையும் இலையிலயே நின்னுடுச்சு சார். யாரோ ஒரு பெரியம்மா, உப்பு கூடிப் போச்சோன்னு கேட்டாங்க. இன்னொருத்தர், பொண்ணப் புடிக்கலயோன்னு கேட்டாரு. இவரு முகத்தைப் பாக்கணுமே. அத்தனை பேர் முன்னால ஒரு சமையக்காரன் வீட்டு மாப்பிள்ளை இலைய மூடறான். நான் நியாயத்தைத்தான் சொன்னேன், மாமா, எனக்கு அம்பது கிலோ, சாப்பிட முடியாதுன்னு. கேட்டாரா? என்ன சொன்னாரு தெரியுமா? "மாப்ள, என் இலையில உக்காந்து ஒரு வேளை வயிறாரச் சாப்பிடுங்க. சாப்பிட்ட கையோட பொண்ணக் கூட்டிட்டுப் போங்க. அதுவரைக்கும் வடிவு இங்கதான் இருப்பா." அவ்வளவுதான். மஞ்சக் கயிறு காயல, பொண்டாட்டி மாமனார் வீட்ல, நான் வேளச்சேரியில எங்கப்பாகூட. என்ன அநியாயம் பாருங்க. ரசம் ஊத்தட்டுமா? இருங்க, இன்னும் மீன் வரல.

நான் வடிவுகிட்ட சொன்னேன், ஊட்டிக் கோப்பை முடியட்டும், ஜெயிச்சுட்டு வந்து உங்கப்பா இலையில உக்காந்து அண்டாவக் காலி பண்றேன்னு. அவ அழுதா. "ஏங்க, ஒரு நாளைக்குச் சாப்பிட்டாத்தான் என்ன?"ன்னு கேட்டா. பொம்பளைங்களுக்கு ரேஸ் புரியாது சார். நான் பாக்கப் போறப்பல்லாம் சட்டைக்கு மேலயே என் விலா எலும்ப எண்ணிப் பாக்கற பழக்கம் அவளுக்கு அப்ப இருந்துச்சு. எண்ணிட்டு மூஞ்சத் திருப்பிக்குவா. எதுக்குன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல.

ஊட்டி போனேன். குளுருல வேர்வையே வராது, எடை எறங்காது. வெந்நீர்த் தொட்டியில உக்காந்து, போர்வைய மூடிக்கிட்டு, வேக வெச்ச உருளைக்கிழங்கு மாதிரி கெடந்தேன். பந்தயத்துக்கு முந்தின நாள் ஒண்ணுமே இல்ல. ஒரு எலுமிச்சம்பழத்தை நக்கினேன், அதுவும் தோலை. கண்ண மூடினா இடியாப்பம். தொறந்தா குதிரையோட பிடரி, அதுவும் இடியாப்பமாத்தான் தெரியுது.

இதுல விதி என்ன செஞ்சுது பாருங்க. சண்டே தண்டரோட ஓனரு கோயமுத்தூர் மில்காரரு. நாக்கு நீளம். சென்னை வந்தா சங்கரலிங்கம் மெஸ்லதான் சாப்பிடுவாரு. ரேஸ் அன்னிக்குத் தன் விருந்தாளிங்களுக்குச் சாப்பாடு போட யாரக் கூப்பிட்டாருங்கறீங்க? இவரத்தான். வேன்ல அண்டா, குண்டான், வடிவு எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு மலையேறி வந்துட்டாரு. ஓனரோட ஆளுன்னு கழுத்துல ஒரு அட்டைய மாட்டி விட்டாங்க. அந்த அட்டை இருந்தா ஜாக்கி குதிரைய விட்டு எறங்கற எடம் வரைக்கும் போலாம். போயிருக்கக் கூடாது. ஆனா அட்டை இருந்துச்சே.

இங்கதான் நீங்க ஒரு விசயத்தைத் தெரிஞ்சுக்கணும். பந்தயத்துக்கு முன்னால ஜாக்கி சேணத்தோட தராசுல உக்காருவான், எடை எழுதிக்குவாங்க. ஓடி முடிச்சு வந்ததும், குதிரைய விட்டு எறங்கி, தானே சேணத்தைக் கழட்டி, நேரா மறுபடியும் தராசுல உக்காரணும். அதே எடை இருந்தாத்தான் ஜெயிச்சது ஜெயிச்சது. நடுவுல எவனும் அவனைத் தொடக்கூடாது. எதையும் குடுக்கக்கூடாது. ஏன்னா எடை கொறஞ்சவன் பையில எவனாவது ஈயத்தைப் போட்டு விட்டுட்டா? அதனால பெத்த தாயா இருந்தாலும் தள்ளித்தான் நிக்கணும். மாலை போட்ட சாமிய யாரும் இடிக்காம விலகி நடப்பாங்க பாருங்க, அந்த மாதிரி. லாயத்துல பொறந்த கொழந்தைக்குக்கூட இது தெரியும். இவரு பொறந்தது விருதுநகர்ல.

ரேஸ் ஆரம்பிச்சுது. மேத்தா சார் என்ன சொல்லி அனுப்பிச்சாரு? "தணிகா, கடைசி வளைவு வரைக்கும் குதிரையப் புடிச்சு வெய். அவசரப்படாதே"ன்னு. நான் அவசரப்படல. என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெளிவா நெனப்பில்ல, ஆனா அவசரப்படல. காதுல சனங்க கத்தறது எண்ணெய் சட்டியில கடுகு வெடிக்கற மாதிரி கேட்டுச்சு. குதிரையோட கழுத்துல படுத்துட்டேன். கடைசி வளைவுல சண்டே தண்டர் தானா வெளிய வந்துச்சு, நான் தடுக்கல. தடுக்கணும்னாலும் கையில தெம்பு வேணுமே. எல்லாரையும் தாண்டிடுச்சு. முடிவுக் கம்பத்துல ரெண்டு குதிரை நீளம் முன்னால. மைக்ல சொன்னாங்க, இவ்வளவு நிதானமான சவாரிய இந்த சீசன்ல பாத்ததில்லன்னு. நிதானம் சார். எல்லாருக்கும் வராது.

குதிரைய உள்ள நடத்திக் கூட்டிட்டு வர்றாங்க. மில்காரரு துள்றாரு. மேத்தா சார் தொப்பிய எடுத்துட்டாரு, அந்த மனுசன் தொப்பி எடுத்து நான் பாத்ததே இல்ல. அஞ்சு வருசப் பட்டினி சார். அந்த ஒரு நிமிசம் எனக்குப் பசியே இல்ல. இனி எல்லாக் குதிரையும் எனக்குத்தான், இந்த ஜென்மத்துல எவனும் என்னைய அசைக்க முடியாதுன்னு நெனச்சேன். ஒரு கால எடுத்துப் போட்டு எறங்கறேன். தலை ஒரு சுத்து சுத்துச்சு. கால் தரையில படல.

ஏன் படல? இவரு தூக்கிட்டாரு.

கூட்டத்தை இடிச்சுத் தள்ளிக்கிட்டு வந்து, ரெண்டு கையாலயும் என்னை அப்படியே இடுப்புக்கு மேல தூக்கிட்டாரு. அண்டா தூக்கற கை. நான் சரிஞ்சதாலதான் புடிச்சேன்னு இன்னிக்கும் சாதிப்பாரு. நான் சரியல. லேசா சாஞ்சேன். தூக்கினவரு என்னையே உத்துப் பாத்தாரு. அந்த முகத்துல சந்தோசம் இருந்துச்சு, அப்புறம் என்னவோ ஆயிடுச்சு, ஏதோ பயந்தவரு மாதிரி ஆயிட்டாரு. ஒரு கையால என்னை இடுப்புல வெச்சுக்கிட்டு, இன்னொரு கையால மடியிலேர்ந்து வாழையிலைப் பொட்டலத்தைப் பிரிச்சு, ஒரு கோலா உருண்டைய எடுத்து என் வாய்ல திணிச்சுட்டாரு.

மேத்தா சார், "துப்பு, தணிகா, துப்பு"ன்னு கத்தறாரு. அந்தப் பக்கம் அதிகாரிங்க ஓடி வர்றாங்க. ஒரு நொடி சார். துப்பியிருக்கலாமேன்னு நீங்க நெனைப்பீங்க. மாமனாரு கையால குடுத்தத ஊர் பாக்கத் துப்பினா அது மரியாதையா? ஏற்கெனவே ஒரு தடவ இலைய மூடியிருக்கேன். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் முழுங்கினேன். மெதுவா மென்னுதான் முழுங்கினேன், ஏன்னா விக்கிடும் பாருங்க. இன்னொண்ணும் குடுத்தாரு. அதையும் மரியாதைக்காகத்தான்.

மீன் வந்துடுச்சு. வஞ்சிரம். ஒண்ணு போதுங்கறீங்களா? ஜோடியாத்தான் வறுப்போம் சார், ஒண்ணப் பிரிச்சா நல்லா இருக்காது.

தராசுல போய் உக்காந்தேன். எடை சரியா இருந்துச்சு. கொஞ்சம்கூடப் பிசகல. இதப் புடிச்சுக்கிட்டாரு இவரு. "நான் குடுத்ததாலதான் எடை சரியா வந்துச்சு, இல்லன்னா கொறஞ்சிருக்கும்"னு இருபத்தி ரெண்டு வருசமா வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொல்லிக்கிட்டிருக்காரு. ரெண்டு கோலா உருண்டை எத்தனை கிராம் இருக்கும், சொல்லுங்க. சரி, இவரு போடற கோலா உருண்டை கொஞ்சம் பெருசு. அது வேற விசயம்.

விசாரணை நடந்துச்சு. பெரிய மேசை, கோட்டுப் போட்ட மூணு அதிகாரிங்க. மேத்தா சார் செவத்தைப் பாத்து நிக்கறாரு. ரெண்டாவதா வந்த ஜாக்கி புகார் குடுத்துட்டான், அவன் மேல தப்பில்ல, நானா இருந்தாலும் குடுப்பேன். இவரையும் உள்ள கூப்பிட்டாங்க. இவரு என்ன நெனச்சாரு? சாப்பாடு கெட்டுப் போச்சுன்னு யாரோ சொல்லிட்டாங்க, அதுக்குத்தான் விசாரணைன்னு நெனச்சுட்டாரு. கேரியரோட வந்து மேசை மேல வெச்சுத் தொறந்துட்டாரு. "ஐயா, காலைல அரைச்ச கறி, நீங்களே வாயில போட்டுப் பாருங்க"ங்கறாரு. நடுவுல இருந்த அதிகாரி வேணாம்னாரு. ஓரத்துல இருந்தவரு ஒண்ணு எடுத்துக்கிட்டாரு. எடுத்துக்கிட்டவரு தலையாட்டினாரு, ஆனா சட்டத்தை யாரும் தின்னுட முடியாதே.

"தராசுக்குப் போறதுக்கு முன்னால ஜாக்கியத் தொடக்கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா? ஏன் தூக்கினீங்க? ஏன் ஊட்டினீங்க?"ன்னு நடு அதிகாரி கேட்டாரு.

இவரு சொன்னத அப்படியே சொல்றேன், ஒரு எழுத்து விடாம. "தெரியாதுங்கய்யா. பையன் சரிஞ்சான், தூக்குனேன். தூக்குனா கையில கனமே இல்லய்யா. ஒரு வாழைத்தாரு இத விடக் கனமா இருக்கும். மறுவீட்டுல இலைய மூடினப்ப திமிர் புடிச்சவன்னு நெனச்சேன். இவன் பட்டினி கெடந்து செத்துக்கிட்டு இருந்திருக்கான்யா. எம் பொண்ணு இவனத்தான் கட்டியிருக்கா. என் மடியில சாப்பாடு இருக்கு. நான் சோத்துக்கடைக்காரன். வேற என்னய்யா செய்வேன்?" சொல்லிட்டுத் துண்ட வாயில பொத்திக்கிட்டாரு.

பாத்தீங்களா சார்? அத்தனை பெரிய மனுசங்க முன்னால என்னை வாழைத்தாருன்னு சொல்லிட்டாரு. அம்பது கிலோ ஆம்பளைய. எனக்கு அவமானத்துல கண்ணு கலங்கிடுச்சு. அவமானத்துலதான்.

தீர்ப்பு வந்துச்சு. சண்டே தண்டர் ஜெயிச்சது செல்லாது. கோப்பை ரெண்டாவது குதிரைக்கு. எனக்கு அந்த சீசன் முழுக்க சவாரி கெடையாது, அடுத்த சீசன்லயும் பாதிக்குக் கெடையாது. விதி விதிதான், அதிகாரிங்கள நான் குறை சொல்ல மாட்டேன். வெளிய வந்தேன். மில்காரரு என் பக்கம் திரும்பல. மேத்தா சார் தொப்பியப் போட்டுக்கிட்டுப் போயிட்டாரு. வேன் கிட்ட வடிவு நிக்கறா. அவ பக்கத்துல என் பெட்டி. நான் தங்கியிருந்த எடத்துக்குப் போயி எல்லாத்தையும் அடுக்கி எடுத்துட்டு வந்துட்டா. "ஏறுங்க மாப்ள"ன்னாரு இவரு. ஏறினேன். அண்டாவுக்குப் பக்கத்துல உக்காந்தேன். மேட்டுப்பாளையம் வர்றதுக்குள்ள அண்டா காலி. கோவத்துல தின்னேன் சார், மனுசன் கோவத்துல என்ன வேணாலும் செய்வான். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுலயும் வடிவு தண்ணி குடுத்தா.

தடை முடியற வரைக்கும் இங்க இருக்கலாம்னு வந்தேன். வேலை ஒண்ணும் செய்யறதில்லன்னுதான் முடிவு. ஆனா கண்ணு முன்னால ஒருத்தன் சுக்காவ அடிபுடிக்க விட்டுட்டு நிக்கறப்ப எப்படி சும்மா இருக்கறது? அஞ்சு வருசம் வெளிய நின்னு மோந்து பாத்தவன் நான். எந்த அடுப்புல என்ன கொறையுதுன்னு வாசல்லேர்ந்தே சொல்லுவேன். இந்த மீன்ல சோம்பு போடறது நான் சொன்னதுக்கு அப்புறம்தான். கூட்டம் ரெண்டு பங்காச்சு. அதெல்லாம் பெருமைக்குச் சொல்லல. நான் ஜாக்கி, என் மனசு முழுக்கக் குதிரை மேலதான்.

கடைசியா ஒரு நாள் மேத்தா சார் ஆள் அனுப்பினாரு. தடை முடியப் போவுது, சண்டே தண்டர் இன்னும் இருக்கு, பழசெல்லாம் விடு, திங்கக்கிழமை காலைல லாயத்துக்கு வா, எடையக் கொறைக்க ஆரம்பிக்கலாம்னு. அப்ப நான் அறுபது கிலோவத் தாண்டியாச்சு. இவரு சேதியக் கேட்டாரு. கேட்டுட்டு, சமையக்கட்டுல எல்லாரையும் கூப்பிட்டு, "நாளைலேர்ந்து மாப்பிள்ளைக்கு யாரும் இலை போடக்கூடாது"ன்னு சொல்லிட்டாரு. என்கிட்ட வந்து, "மாப்ள, அன்னிக்கு உங்களக் குதிரை மேல பாத்தேன். ராசா மாதிரி இருந்தீங்க. நான்தான் கெடுத்துட்டேன். போங்க, இந்தத் தடவ குறுக்க வர மாட்டேன்"னாரு.

என்ன நெஞ்சழுத்தம் பாத்தீங்களா? வீட்ட விட்டு வெளிய தள்றாரு. வடிவு மாசமா இருந்தா அப்ப. வெங்காயத்தை உரிச்சுக்கிட்டு, எப்ப கெளம்பணும்னு மட்டும் கேட்டா.

மறுநாள் மத்தியானம் நான் இங்க வந்து உக்காந்தேன். இதே மேசை, நீங்க உக்காந்திருக்கற எடம். சுத்தி எல்லாரும் சாப்பிடறாங்க. என் முன்னால இலை இல்ல. சர்வருங்க என்னத் தாண்டித் தாண்டிப் போறாங்க, முதலாளி உத்தரவு. நான் அசையல. இவரு கல்லாவுலேர்ந்து பாக்கறாரு. பாத்துட்டுத் திரும்பிக்கறாரு. மறுபடியும் பாக்கறாரு. கூட்டமெல்லாம் போயி கடை காலியாச்சு. மெதுவா எழுந்து வந்து என் பக்கத்துல நின்னாரு.

"எழுந்திரிங்க மாப்ள. திங்கக்கிழமை போகணும். இப்ப சாப்பிட்டீங்கன்னா பட்ட பாடெல்லாம் வீணாப் போயிடும்"னாரு.

"பசிக்குது மாமா"ன்னேன்.

அந்த வார்த்தைய அதுக்கு முன்னால நான் யார்கிட்டயும் சொன்னது கெடையாது சார். எங்கம்மாகிட்டகூட. ஜாக்கி சொல்லக்கூடாத வார்த்தை அது. எப்படி வாய்லேர்ந்து வந்துச்சுன்னே தெரியல. அவரு உள்ள போயி, தானே ஒரு தலைவாழை இலைய எடுத்துட்டு வந்து போட்டாரு, தண்ணி தெளிச்சாரு, சோத்துக் குண்டானத் தூக்கிட்டு வந்தாரு. குழம்பு ஊத்தறப்ப பாதி மேசையிலதான் விழுது.

நான் பழி வாங்கறதுக்குத்தான் உக்காந்தேன். அதத் தெளிவாச் சொல்லிடறேன். இந்த ஆளு கடையத் தின்னே தீத்துடறதுன்னு வெறி எனக்கு. ஒரு தடவ சோறு கேட்டேன், போட்டாரு. ரெண்டாவது கேட்டேன், போட்டாரு. மூணாவதுக்கு வடிவு உள்ளேர்ந்து வந்து பாத்துட்டு, சிரிக்கறாளா அழுவறாளான்னு தெரியாம கதவு நெலையப் புடிச்சுக்கிட்டு நிக்கறா. இவரு இப்ப நிறுத்துவாரு, இப்ப நிறுத்துவாருன்னு நான் பாக்கறேன். இவன் இப்ப எழுந்திரிப்பான், லாயத்துக்குப் போவான்னு அவரு பாக்கறாரு. அவரும் நிறுத்தல சார். நானும் எழுந்திரிக்கல.